பனிச்சரிவில் கச்சாயம்

1

என் அண்ணன் ஊர் திரும்பியதிலிருந்து, கனடாவில் பனிமலை ஏறிய கதையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பெருமாநல்லூரில் அவருடைய பனியன் கம்பெனிக்குத் துணி இறக்க வரும் வண்டிக்காரர் முதல் அவிநாசிக் கோயிலுக்குப் பிரதோஷத்தன்று வருகிறவர்கள் வரை ஒருவரையும் விடவில்லை என்று அண்ணி போனில் சொல்லிச் சிரித்தார். அண்ணன் மலை ஏறவில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டோம். அதுகூடப் போகட்டும், அவர் சொல்லும் கதையில் நான் என்றொரு பிறவியே கிடையாதாம். அதுதான் எனக்கு ஆறவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அண்ணன் படித்தால் படிக்கட்டும்.

நாங்கள் இருப்பது கனடாவின் மேற்கே, நாலாபக்கமும் மலை சூழ்ந்த ஒரு சிறிய ஊர். என் வீட்டுக்காரர் மர அறுவை ஆலையில் எலெக்ட்ரீஷியன். நான் கடைவீதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். பனியில் சறுக்குகிறவர்கள் கிழித்துக்கொண்டு வரும் கோட்டுகளுக்கு ஜிப் மாற்றுவது, முழங்காலில் ஒட்டுப் போடுவது, இதுதான் என் பிழைப்பு. உள்ளே போடும் தெர்மல் சட்டை ஏதாவது வந்தால் முதல் வேலையாகக் கழுத்து லேபிளைப் பார்ப்பேன். நம் பக்கத்துச் சரக்காக இருந்துவிட்டால் தையலைத் திருப்பிப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. ஓரத்து ஓவர்லாக் தையல் ஒழுங்காக இருந்தால் ஒரு பெருமை. இல்லாவிட்டால், யார் இந்த லைனுக்கு சூப்பர்வைசர் என்று தமிழிலேயே திட்டிவிடுவேன். கேட்க யார் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், தாரணி. நடக்கப் பழகும் வயதில் இங்கே வந்தவள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மலைவழிகாட்டியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டாள். ஊருக்கு மேலே, ஆட்களை ஏற்றிப்போகும் கம்பிவடமும் காவலும் போட்ட சறுக்கு மைதானம் ஒன்று இருக்கிறது. அவள் வேலை அங்கேயில்லை. அதையும் தாண்டி, பாதையும் வேலியும் இல்லாத மலைப்பக்கம் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். அங்கேதான் பனிச்சரிவு. சரிவில் மாதக்கணக்காகப் படிந்த பனி ஒரு நொடியில் பிடிப்பை விட்டு, மரங்களையும் முறித்துக்கொண்டு மொத்தமாக இறங்கும். உள்ளே மாட்டிக்கொண்டால் அது சிமெண்ட் போல இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. குளிர்காலத்தில்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்து பறவைகள் கத்துகிற வசந்தத்துக்கும் தனியாக ஓர் ஆபத்து உண்டு என்பது அவள் இந்த வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் வாசல் வரை போய், கார் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பிவிட்டாள் என்று தெரிகிறவரைக்கும் நான் தைப்பதெல்லாம் கோணல்தான். இந்த வேலை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லியே தீர வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைக்கிறேன். சொன்னதில்லை. எங்கள் வளர்ப்பு அப்படி.

2

அண்ணன் வந்தது ஒரு பெரிய கதை. விசாவுக்குக் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினார். அதோடு சரி, விமான நிலையத்திலிருந்து மருந்துக்கடை வரைக்கும் எல்லோரும் அவரை அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். குடியேற்ற அதிகாரி "மிஸ்டர் நாச்சிமுத்து" என்றபோது, அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாராம். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியில் பாதி, கம்பெனியில் தைத்த சட்டைகள். மீதியில் அண்ணி சுட்டுக் கொடுத்த கச்சாயம். அரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு எண்ணெயில் சுடுவது. எங்கள் பக்கம் நல்லது கெட்டது எதுவும் இது இல்லாமல் நடக்காது. சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். "ஸ்வீட். மை வைஃப், மை சிஸ்டர்" என்று அண்ணன் சொல்ல, அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மூடிக் கொடுத்துவிட்டார்.

வாசலிலேயே ஒரு கூத்து. தாரணி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு, "மாமா, வா வா! எப்படி இருக்க நீ?" என்றாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. எங்கள் பக்கம் தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். ஆனால் இவளிடம் நாங்கள் பேசிய தமிழ் வா, போ, சாப்பிடு என்பதுதான். இவள் மரியாதை போட்டுப் பேச வேண்டிய ஆள் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. காதில் விழுந்ததைத்தானே பிள்ளை பேசும்?

"வந்துட்டனுங்க கண்ணு" என்று அண்ணன் அவளுக்கு 'ங்க' போட்டுப் பதில் சொன்னார்.

அவள் உள்ளே போனதும் நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினேன். "உடு அம்மிணி" என்றார். "அப்பனும் அம்மாளும் போன பொறவு என்னிய நீன்னு கூப்புட ஆரு இருக்கறாங்க? நல்லாத்தான் இருக்குது."

அவருக்கு ஒரே ஆசைதான். பத்துப் பதினைந்து வருஷமாகக் குளிர்நாட்டுக்காரர்களுக்கு உள்சட்டை தைத்து அனுப்புகிறார். அதை எந்தக் குளிரில் போடுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பனி மூடிய ஏரிக்கரையில், தன் கம்பெனிச் சட்டையோடு நின்று ஒரு போட்டோ. தாரணி உடனே ஒத்துக்கொண்டாள். சுலபமான வழி, பெரும்பகுதி காட்டுக்குள்தான், அம்மாவும் வரட்டும் என்றாள். நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் போகிற இடத்தை ஒரு நாளாவது கண்ணால் பார்க்கலாம் என்றிருந்தது.

3

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எங்கள் இருவருக்கும் வகுப்பு எடுத்தாள். நாங்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கேட்டோம்.

"ஸ்பிரிங்ல நைட் எப்படி இருந்துச்சுங்கறதுதான் மாமா முக்கியம். வானம் தெளிவா இருந்தா சூடெல்லாம் மேல போயிடும், பனி நல்லா இறுகிடும். காலையில அது மேல நடக்கலாம். மேகம் மூடியிருந்தா இறுகாது, அன்னைக்கு நான் யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன். இறுகியிருந்தாலும் வெயில் ஏற ஏற உள்ள தண்ணி இறங்கும். தண்ணி இறங்கினா பிடிப்பு போயிடும். அதனால சீக்கிரம் கிளம்பணும், சீக்கிரம் திரும்பணும்."

அண்ணன் தலையை ஆட்டினார். "துணி மாதிரிதான்னு சொல்லு. ரோலப் பிரிச்ச ஒடனே கட்டிங் போட்டா அளவு நிக்காதுங்க கண்ணு. ஒரு ராத்திரி பிரிச்சுப் போட்டு ஆற உட்டாத்தான் காலைல கத்தரி வெக்கலாம். அவசரத்துக்கு வெட்டுனா அத்தனை பீசும் சுருங்கிப்போகும்."

தாரணி அவரை அதிசயமாகப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இதே ஊரில் அவளோடு இருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். காலடியில் பனி உடைந்து கால் முழங்கால் வரை உள்ளே போனால் கெட்ட அறிகுறி. பாறை ஓரத்திலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால் அதைவிடக் கெட்டது. காலையில் அரசாங்கத்தார் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை அவள் பார்ப்பாள். ஆனால் அறிக்கை அறைக்குள் உட்கார்ந்து எழுதியது, கண் நம்முடையது என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். ஆபத்தான இடம் வந்தால் ஒவ்வொருவராகக் கேட்பாள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் போதும், எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கோபித்துக்கொள்ளக் கூடாது.

"அது எங்களுக்குச் சிரமமுங்க கண்ணு" என்றார் அண்ணன். "சரக்கு வாங்கற பையர் முன்னால வாயத் தொறந்து முடியாதுன்னு சொன்னமுன்னா அடுத்த ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிரும்."

"மலை பையர் இல்ல மாமா. அது நீ என்ன சொன்னாலும் கேட்காது. நான்தான் கேட்பேன். அதனால என்கிட்ட சொல்லணும்."

சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தாள். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

4

சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொன்னாளே தவிர, எங்கள் வீட்டு ஆண்பிள்ளை காலையில் கிளம்புவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ராத்திரி வானம் நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது, அறிக்கையும் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் தலைக்குத் தண்ணி வார்த்துக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் நின்று, நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தார். அப்போது கம்பெனியிலிருந்து போன். அங்கே வேலை முடியும் நேரம். சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒரு லாட் துணியில் நிறம் மாறியிருக்கிறதாம். அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேச, தாரணி வாசலில் பையோடு நின்று வெளியே வெயிலையும் உள்ளே மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள். மாமா முகத்துக்கு நேரே சொல்ல அவளாலும் முடியவில்லை. என் மகள்தானே என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் எங்கள் இருவர் மார்பிலும் ஒரு சிறு கருவியைக் கட்டினாள். பனிக்குள் புதைந்தால் மற்றவர்களுக்கு இடம் காட்டுமாம். அது வேலை செய்கிறதா என்று எங்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டுச் சோதித்தாள். அவள் பையில் மடக்கு மண்வெட்டியும் நீளக் கோலும் இருந்தன. அந்தக் கோல் எதற்கு என்று அண்ணன் கேட்க, புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்று குத்திப் பார்க்க என்று சாதாரணமாகச் சொன்னாள். காலில் முறம் போல அகலமாக ஒன்றை மாட்டிவிட்டாள், பனியில் புதையாமல் நடக்க. அண்ணன் நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு வாத்து மாதிரி நடந்து காட்டினார்.

காட்டுக்குள் நன்றாகத்தான் இருந்தது. மரக்கிளைகளிலிருந்து பனித்தூள் உதிர்ந்தது. அண்ணன் நின்று அண்ணாந்து பார்த்தார். "நிட்டிங் ஷெட்டுல பஞ்சு பறக்கற மாதிரியே இருக்குது அம்மிணி" என்றார். சட்டென்று என் கண்முன் ஊர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அண்ணன் கம்பெனி ஆபீசில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம், தகரக் கூரை, கரண்ட் போய்விட்டால் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். அந்த அமைதியில் பக்கத்துத் தெருவில் டீ ஆற்றுகிற சத்தம்கூடக் கேட்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். இப்போது அண்ணன் தலையில் பனித்தூள் வெள்ளையாகக் கிடந்தது. கையை நீட்டித் தட்டிவிட்டேன். அவர் தலையைக் குனிந்து காட்டினார்.

5

காடு முடிந்தது. எங்களுக்கு முன்னால் மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரைக்கும் மரமே இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை. இரண்டு ஓரத்து மரங்களிலும் மேட்டைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் இல்லை, முறிந்திருந்தன. சரிவு இறங்குகிற பாதை அது என்று கேட்காமலே தெரிந்தது. அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் ஏரி. உறைந்த ஏரியும் கரையில் ஒரு மரக்குடிலும் நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன. அண்ணன் கோட்டு ஜிப்பை இறக்கி, உள்ளே போட்டிருந்த கம்பெனிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

தாரணி எங்களைக் காட்டோரத்தில் நிறுத்திவிட்டு, கோலால் பனியைக் குத்திப் பார்த்தாள், காலால் மிதித்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு யோசனை. "இன்னும் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா லேட் ஆயிடுச்சு. ஒவ்வொருத்தரா, நிக்காம வேகமா போனா போயிடலாம். திரும்பறப்ப ஏரிக்கு அந்தப் பக்கமா காட்டு வழியா சுத்தி வந்துடலாம், தூரம்தான் ஜாஸ்தி." சொல்லிவிட்டுக் குனிந்து அண்ணனுடைய காலில் தளர்ந்த வாரை இறுக்க ஆரம்பித்தாள்.

நான் அவர்களுக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். காலடிப் பனி உடைந்து, முறம் மாட்டிய கால் முழங்கால் வரை உள்ளே போனது. பிடுங்கி எடுத்தேன். உள்ளே பனி கஞ்சி மாதிரி ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உயரத்தில், வெயில் பட்ட ஒரு கரும்பாறையின் அடியிலிருந்து ஏதோ உருண்டது. பார்வைக்குக் கடலை உருண்டை அளவு. உருள உருளப் பெரிதாகி, சரிவில் ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அண்ணன் கண் ஏரியில் இருந்தது. தாரணி கண் வாரில் இருந்தது.

அவள் எழுந்தாள். "மாமா?"

"போலாமுங்க கண்ணு" என்றார் அண்ணன், தயங்காமல்.

"அம்மா?"

என் வாயில் அந்த வார்த்தை இருந்தது. நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் பெரியவர், அண்ணன், ஒரம்பரையாக, விருந்தாளியாக வந்தவர், போகலாம் என்று சொல்லிவிட்டார். கூட்டி வந்த மகளோ போயிடலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் பார்க்காததை நான் பார்த்தேன் என்று மாமா முன்னால் எப்படிச் சொல்வது, பிள்ளைக்கு அது குறைச்சல் இல்லையா? இப்படியெல்லாம் யோசிக்கிற இடமா அது? ஆனால் யோசித்தேன்.

பையை இறக்கினேன். அண்ணி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தேன்.

"ஆளுக்கொரு கச்சாயம் தின்னுட்டுப் போலாமா?" என்றேன்.

தாரணி என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். "அம்மா, இப்பவா? வெயில் ஏறுது. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்!"

6

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. நம் பக்கம் வேண்டாம் என்று யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்?

சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு தடவை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தறிக்காரக் குடும்பம், நல்ல வசதி, எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அப்பா பாதி வாக்கே கொடுத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு முறுக்கு. பிறகு வாழைப்பழம். அவர்கள் கை கழுவி எழுந்த பிறகு மறுபடி காப்பி. அண்ணன் கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அப்பா பக்கத்தில் போய், "ஜாதகத்த இன்னொருக்காப் பாத்துக்கலாமுங்கப்பா" என்றார். அவ்வளவுதான். வந்தவர்கள் முகம் கோணாமல் போனார்கள், அந்தப் பேச்சும் அத்தோடு போனது. ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டாவது காப்பியிலயே தெரிஞ்சுருச்சு அம்மிணி."

கம்பெனியிலும் அதே கதைதான். ஏஜெண்டு வந்து உட்கார்ந்து, நடக்கவே நடக்காத தேதியில் சரக்கு கேட்பார். அண்ணன் முடியாது என்று சொல்ல மாட்டார். டீ வரவழைப்பார். டீ முடிந்ததும் பஃப்ஸ் வரவழைப்பார். பஃப்ஸைப் பார்த்ததும் ஏஜெண்டு பெருமூச்சு விட்டு, "சரிங்க, இன்னொரு வாரம் கேட்டுப் பாக்கறனுங்க" என்று தானாகவே தேதியைத் தள்ளுவார்.

இங்கே வந்த புதிதில் தையல் கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். மறுநாள் அவருக்கு வடை சுட்டு எடுத்துப்போனேன். அடுத்த நாளும் எடுத்துப்போனேன். ரசித்துச் சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயரை எழுதிவிட்டார். இன்றைக்கு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலைதான். நான் ஊரை நினைத்து ஏங்குவது தோட்டத்துக்கும் துரவுக்கும் அல்ல. ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும் என்னைப் புரிந்துகொள்கிற ஆட்கள் அங்கே ஒரு வீடு நிறைய இருந்தார்கள். அதற்குத்தான் ஏங்குகிறேன்.

7

டப்பாவை அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கட்டும் அம்மிணி, போய்ட்டு வந்து தின்னுக்கலாம்" என்றார்.

என் உயிர் போய்விட்டது. இந்த மனிதருக்கும் தெரியாமல் போய்விட்டதா? வயசாகிவிட்டதா? இல்லை, ஆசை கண்ணை மறைக்கிறதா? தாரணி முதல் ஆளாகக் கடப்பதற்குக் கோலை எடுத்துக்கொண்டு சரிவுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்ணா" என்றேன். டப்பாவை அவர் கைக்கே கொண்டுபோனதில் மூடி பனியில் விழுந்தது.

அண்ணன் திரும்பினார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கச்சாயத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார், தின்னவில்லை. இன்னொரு தடவை ஏரியைப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணு, நில்லு" என்றார். "திரும்பிக்கலாம்."

தாரணி நின்றாள். "ஏன் மாமா? கால் வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க கண்ணு. உங்கம்மா வேண்டாங்கறா."

"அம்மா எதுவுமே சொல்லலையே!"

"சொல்லிட்டா. ரெண்டு தடவ சொல்லிட்டா."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. அவள் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் மரங்களுக்குள் வெகு தூரம் பின்னால் நடத்திப்போனாள். அங்கே நின்றதும் நானே சொன்னேன், கால் உள்ளே போனதையும் பாறையடியிலிருந்து உருண்டு வந்ததையும். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. மரங்களுக்கிடையில் திரும்பி மேலே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் பார்க்கல" என்றாள். "வாரைக் கட்டிட்டு இருந்தேன். நான் பார்க்கல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா வாயால சொல்லல? நான் உன்னைக் கேட்டேன். கேட்டதுக்கு நீ ஸ்வீட் எடுத்துக் கொடுத்த. மாமா வரலைன்னா நான் போயிருப்பேன். எங்க டிரெய்னிங்ல திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லுவாங்க. தப்பிச்சு வந்தவங்களைக் கேட்டா, எனக்கு அப்பவே தோணுச்சு, ஆனா சொல்லலன்னு அழுவாங்களாம். நீ அப்படி அழணுமா?"

அண்ணன் குறுக்கே வரவில்லை. கச்சாயத்தைக் கையில் பிடித்தபடியே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். வேறென்ன செய்ய?

அந்தச் சரிவு அன்றைக்கு இறங்கியதா இல்லையா, எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்டவரை சத்தம் எதுவும் வரவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு அது தெரியாமலே போவதுதான் நல்லது என்றாள் தாரணி, கொஞ்சம் ஆறியதும். அண்ணன் ஊரெல்லாம் காட்டுகிறாரே ஒரு போட்டோ, அது கார் நிறுத்துமிடத்தில் இயந்திரம் ஓரமாகத் தள்ளிவிட்ட பனிக்குவியல் மேல் ஏறி நின்று எடுத்தது. நான்தான் எடுத்தேன். கம்பெனிச் சட்டை நன்றாகத் தெரிகிறது.

8

அன்று சாயங்காலம் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே விடிந்திருந்தது, நிறம் மாறிய லாட்டை என்ன செய்வது என்று விவாதம். வீட்டுக்காரர் ஆலைக்குப் போயிருந்தார். நான் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தாரணி வந்து மேஜையில் உட்கார்ந்தாள்.

"அந்த மாப்பிள்ளை கதையை மாமா கார்ல சொன்னான்."

"சொன்னாங்க" என்று திருத்தினேன்.

"சொன்னாங்க." அவள் மேஜையில் விரலால் கோடு போட்டாள். "அம்மா, என்கிட்டயும் அப்படி சொல்லியிருக்கியா?"

நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"காலேஜ் வேண்டாம், மலைக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு நீ பணியாரம் சுட்ட."

"ஆமா."

"நான் சாப்பிட்டு முடிச்சதும் மறுபடி சட்டி வெச்சு சுட்ட. நான் அதையும் சாப்பிட்டேன். அம்மாவுக்கு ரொம்ப ஹேப்பின்னு அப்பாகிட்ட போய்ச் சொன்னேன்."

"தெரியும் கண்ணு. அவரும் அப்படித்தான் நெனச்சுட்டாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "இப்ப சொல்லு" என்றாள். "வாயால சொல்லு. நான் கேட்கறேன்."

துணியைக் கீழே வைத்தேன். 

"வேண்டாம் கண்ணு" என்றேன். "இந்த வேலை உனக்கு வேண்டாம். நீ போற ஒவ்வொரு நாளும் எனக்கு உசுரு போய் உசுரு வருது. கடையில ஊசி எது கையி எதுன்னு தெரியறதில்ல. இன்னைக்கு அந்த எடத்த என்ற கண்ணால வேற பாத்துட்டேன். வேற என்ன வேணுன்னாலும் பண்ணு, எங்க வேணுன்னாலும் இரு. அந்த மலை மட்டும் வேண்டாம்."

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமில்லை. குறுக்கே பேசவுமில்லை. நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டாள். பிறகு எழுந்தாள். வழக்கம் போலத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் ஃபிரிட்ஜைத் திறந்து தோசை மாவை எடுத்தாள். கல்லை அடுப்பில் வைத்தாள். இவள் ஒரு நாளும் தோசை சுட்டதில்லை; மாவு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததே ஆச்சரியம். முதலில் ஊற்றியது கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள். அது ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி, ஓரம் கருகி வந்தது. தட்டில் போட்டு, பொடி வைத்து, எண்ணெய் விட்டு, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடும்மா" என்றாள். குரல் மிக மெதுவாக இருந்தது.

"எனக்குப் பசிக்கல கண்ணு."

"சாப்பிடும்மா. இன்னொண்ணு ஊத்தறேன்."

கூடத்தில் போன் பேச்சு நின்றது. அண்ணன் கதவருகில் வந்து, அடுப்பின் முன்னால் நிற்கிற அவளைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. நான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.